எலிகளின் எண்ணிக்கை: இல்லை

போன வாரம் என் பழைய ஆபீஸிலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்று நாலு மாதம்தான் ஆகிறது. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் கேட்டாள்.

“மேடம், மருந்துப் பொருளாதாரமும் கொள்கையும்னு ஒரு சப்ஜெக்ட்ல பிஎச்.டி. பதிய ஒருத்தங்க வந்திருக்காங்க. இத பார்மசில போடறதா, எக்கனாமிக்ஸ்ல போடறதா? நீங்க முன்னாடி ஒண்ணு பண்ணியிருக்கீங்களாமே?”

“பண்ணேன், பண்ணேன். கூத்தே பண்ணேன்” என்றேன்.

போனில் சொல்லி முடிகிற விஷயமா அது! எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் முடியும் என்று நினைத்தது இவ்வளவு நீண்டுவிட்டது.

எனக்கு ஊர் புவனகிரி. சிதம்பரத்தில் ஒரு உயர்கல்வி நிறுவனத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் எதற்கு, இந்தக் கதையில் அடிபட்டவள் நான்தானே. தபால் பிரிவில் கொஞ்ச நாள், தேர்வுப் பிரிவில் பல வருடம், கடைசிப் பதினோரு வருடம் ஆய்வுப் பிரிவு. என் பெயர் விசாலாட்சி. முதுகுக்குப் பின்னால் ‘ரூல்ஸ் விசாலம்’ என்பார்கள். எனக்கும் தெரியும். தெரிந்து, கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

பிஎச்.டி. என்றால் மூளை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் கவுண்டருக்கு உள்ளேயிருந்து பார்த்தால் அது காகிதம். முதுகலைச் சான்றிதழ், நெறியாளரின் ஒப்புதல், வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று. பகுதிநேரம் என்றால் குறைந்தது நாலு வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழு கூட வேண்டும். நடுவில் ஒரு பாடத் தேர்வு. பத்திரிகையில் வெளியான இரண்டு கட்டுரை. பிறகு ஆய்வுச் சுருக்கம், அதற்கப்புறம் ஆய்வேடு ஐந்து பிரதி, கறுப்பு அட்டை, தங்க எழுத்து. மூன்று வெளித் தேர்வாளர்கள் படித்துச் சரி என்றால்தான் வாய்மொழித் தேர்வு. இதில் ஒரு தாள் குறைந்தாலும் நான் ஃபைலை நகர்த்த மாட்டேன். ‘குலோப்ஜாமூன் வாங்கித் தரேன் மேடம்’ என்று ஒருத்தன் சொல்லி, அவன் ஃபைலை ஒரு வாரம் அடியில் வைத்தவள் நான்.

எனக்கு மேலே துணைப் பதிவாளர் வேதமூர்த்தி. டி.ஆர். என்போம். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பியூன் போனாலும் “உக்காருங்க” என்பார். காலை பதினோரு மணிக்கு ஃபைல்கள் உள்ளே போகும். ஃபைலை அவர் முன்னாலிருந்து படிக்க மாட்டார். பின்பக்கம் திருப்பி, எல்லாவற்றுக்கும் பழைய தாளிலிருந்து தொடங்குவார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, பச்சை மையில் அடியில் ஒரு சின்னக் கேள்விக்குறி போடுவார். அவ்வளவுதான். எந்த வரிக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை இருக்காது. நாமே தேட வேண்டும். தேடப் போனால் அவர் பார்க்காத தப்பு நாலும் சேர்ந்து மாட்டும்.

2005 ஜூலையில் சக்திவேல் வந்தார். தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பம். மருந்தியலில் முதுகலை முடித்து, கடலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வயதைத் தாண்டிய ஆள். சட்டைப் பையில் மூன்று பேனா, கையில் ஒரு நீளநோட்டு.

“என்ன தலைப்பு?” என்றேன்.

“சுனாமிக்கப்புறம் எங்க ஊருக்கு லாரி லாரியா மாத்திரை வந்துச்சு மேடம். எந்த பாஷைன்னே தெரியாத டப்பா எல்லாம் வந்துச்சு. அப்புறம் லாரி நின்னுபோச்சு. பிரஷரும் சுகரும் நிக்கல. இப்ப அந்த சனங்க மாத்திரைய எங்க வாங்குறாங்க, அதுக்காக எதை வுட்டுக் குடுக்குறாங்க, கவர்மெண்டு ஆஸ்பத்திரில இருக்க வேண்டிய மருந்து ஏன் இல்ல? இதத்தான் வூடு வூடா போயி கேக்கப் போறேன்.”

கேட்கும்போதே நல்ல விஷயம் என்று பட்டது. ஆனால் எங்கள் படிவத்தில் புலம் என்று ஒரே ஒரு கட்டம். பார்மசித் துறை, ‘இது விலைவாசி, எக்கனாமிக்ஸுக்குப் போங்க’ என்றது. எக்கனாமிக்ஸ் துறை, ‘மாத்திரை எங்க சமாச்சாரம் இல்ல’ என்றது. மனுஷர் இரண்டு வாரம் வாடகை சைக்கிளில் அந்தக் கட்டிடத்துக்கும் இந்தக் கட்டிடத்துக்கும் மிதித்தார். கடைசியில் பார்மசிப் பேராசிரியர் நெறியாளர், எக்கனாமிக்ஸ் பேராசிரியர் இணை நெறியாளர் என்று ஒரு சமாதானம் ஏற்பட்டது. நான் புலம் என்ற கட்டத்தில் ‘பார்மசி’ என்று எழுதினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பார்மசி என்றால் படிவத்தில் பதினாலாவது கட்டம் ஒன்று உண்டு. விலங்குச் சோதனை அனுமதி எண். சக்திவேல் அதைக் காலியாக விட்டிருந்தார். விண்ணப்பத்தைத் திருப்பினேன். மறுபடி காலியாகவே வந்தது. மறுபடி திருப்பினேன். மூன்றாவது தடவை நேரில் வந்து நின்றார்.

“எனக்கு எலி வேணாம் மேடம். நான் மனுஷங்ககிட்டதான் போறேன்.”

“பார்மசியில பதியற எல்லாரும் எலி நம்பர் குடுக்கறாங்க.”

“அவுங்க எலிக்கு மருந்து குடுக்கறாங்க. நான் போயி எலிகிட்ட, மாசம் மாத்திரைக்கு எவ்ளோ செலவு பண்றேன்னா கேக்க முடியும்?”

பக்கத்து சீட்டெல்லாம் சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“கட்டம் காலியா இருந்தா ஃபைல் நகராது. அவ்ளோதான்” என்று சொல்லி, விண்ணப்பத்தைக் கவுண்டர் ஓட்டை வழியே வெளியே தள்ளினேன்.

மனுஷர் சண்டை போடவில்லை. நேரே விலங்குச் சோதனைக் குழுவிடம் மனுக் கொடுத்தார். அந்தக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். கூடினார்கள், விவாதித்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் அனுமதி எண், முத்திரை, ‘அனுமதிக்கப்பட்டது’. இரண்டாம் பக்கத்தில் ‘எலிகளின் எண்ணிக்கை: இல்லை’. இல்லாத எலிகளை வைத்துச் சோதனை செய்ய முறைப்படி அனுமதி வாங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். நான் அந்த எண்ணைப் பதினாலாவது கட்டத்தில் முத்து முத்தாக எழுதினேன். கட்டம் நிறைந்தது, எனக்கும் மனசு நிறைந்தது. மனிதர்களிடம் கேள்வி கேட்க அனுமதி வேண்டுமே, அதற்குப் படிவத்தில் கட்டமே இல்லையே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அதைச் சக்திவேல் தானாகவே மருத்துவர் குழு ஒன்றிடம் வாங்கி வைத்திருந்தார்.

அடுத்த வருடம் பாடத் தேர்வு. அந்தப் பாடத்துக்கு எங்களிடம் இருந்ததே அவர் ஒருத்தர்தான். ஒரு ஆளுக்கு ஒரு ஹால், இரண்டு கண்காணிப்பாளர், தண்ணீர் கொடுக்க ஒருத்தர். வினாத்தாள் உறையைப் பிரிக்குமுன் இரண்டு மாணவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி. இரண்டாவது மாணவருக்கு எங்கே போவது? மணி பத்தாகிவிட்டது. கண்காணிப்பாளர்கள் என்னைப் பார்க்கிறார்கள், நான் உறையைப் பார்க்கிறேன்.

“மேடம், இந்தப் பக்கம் கையெழுத்து போடறேன், அந்தப் பக்கம் கைநாட்டு வெக்கிறேன். போதுமா?” என்றார் சக்திவேல்.

போதும் என்றேன். சிரிப்பை அடக்க முடியாமல் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போயே போய்விட்டது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கொடுக்க வருவார். கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் நின்று பேசுவார். ஒரு தடவை சொன்னார்:

“ஒரே அட்டைதான் மேடம் வாங்குறாங்க. மாத்திரைய ஒடச்சி புருஷனுக்கு ஒரு பாதி, பொண்டாட்டிக்கு ஒரு பாதி. ரெண்டு பேருக்கும் வேற வேற டோஸு. யாருக்கும் பத்தாது. கேட்டா, ‘ரெண்டு பேருக்கும் பிரஷருதானே தம்பி, ஒரே நோவுதானே’ன்றாங்க.”

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. எங்களுக்குச் சம்பளம் இருக்கிறது, முழு மாத்திரையாக விழுங்குகிறார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வெள்ளாற்றைத் தாண்டும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

2010 கடைசியில் ஆய்வேடு வந்தது. ஐந்து பிரதியும் சரி. வாங்கிய அனுமதிகளையெல்லாம் பின்னிணைப்பில் கட்ட வேண்டும் என்பது விதி. சான்றிதழுக்கு முதல் பக்கம் மட்டும் போதும் என்பது எங்கள் பிரிவு வழக்கம். அட்டை தடித்துவிடக்கூடாது என்று எப்போதோ யாரோ தொடங்கி வைத்தது. எலிகள் இல்லை என்ற இரண்டாம் பக்கம் இல்லாமலே கட்டப்பட்டு, அப்படியே மூன்று தேர்வாளர்களுக்கும் போயிற்று.

பிப்ரவரியில் அறிக்கைகள் வந்தன. இரண்டு பேர் பட்டத்துக்குப் பரிந்துரை செய்திருந்தார்கள். மூன்றாவது, ஐதராபாத்தில் வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பேராசிரியர் எழுதியது. ‘விலங்குச் சோதனைக்கு அனுமதி பெறப்பட்டுள்ளது. ஆனால் அச்சோதனையின் முடிவுகள் ஆய்வேட்டில் எங்கும் இல்லை. அவற்றைச் சேர்த்து, திருத்தி, மீண்டும் சமர்ப்பிக்கவும்.’

அடப் பாவி மகளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். திருத்தம் என்று வந்தால் குறைந்தது ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி சமர்ப்பிக்க முடியும். தகவல் போன மறுநாளே சக்திவேல் வந்துவிட்டார். முதல் தடவையாக அவரைச் சட்டைப் பையில் பேனா இல்லாமல் பார்த்தேன்.

“ஜூன்ல காலேஜ் தொறக்கும்போது டிகிரி கையில இருக்கணும் மேடம். இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கறோம்னு கரஸ்பாண்டென்ட் சொல்லிட்டாரு. ரெண்டு பசங்க படிக்குது. ஆறு மாசம்னா ஆகஸ்ட் ஆயிடும். இல்லாத எலிக்கு ரிசல்ட்டு நான் எங்க மேடம் போயி தேடுவேன்?”

‘உங்களாலதான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவர் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பியூன் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. தேர்வாளர் திருத்தச் சொன்னார், திருத்தட்டும் என்று விட்டால் என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அந்த ஏப்ரலில்தான் அலுவலகக் கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியல் மேலே போகிறது. ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது, எனக்குக் கடைசி வாய்ப்பு. ‘நான் தப்பு செய்தேன்’ என்று ஃபைலில் எழுதிக் கொடுத்தால் அது அப்படியே நிற்கும். மூன்றாம் நாள் காலை என் வீட்டுக்காரர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஆபீஸுக்குப் போனதும் குறிப்பு எழுதினேன்.

‘ஆய்வுப் பிரிவின் வழக்கப்படி விலங்குச் சோதனை அனுமதி கோரப்பட்டது. ஆய்வில் விலங்குகள் ஏதும் பயன்படுத்தப்படவில்லை. இதைத் தேர்வாளருக்குத் தெளிவுபடுத்தலாம்.’

மாலையில் ஃபைல் திரும்பியது. அடியில் பச்சைக் கேள்விக்குறி.

சான்றிதழின் இரண்டாம் பக்கத்தை இணைக்கவில்லையே என்று அதை இணைத்து அனுப்பினேன். மறுநாளும் கேள்விக்குறி. நாட்கள் ஓடுகின்றன. ஃபைலைத் தூக்கிக்கொண்டு நேரே அறைக்குள் போய்விட்டேன்.

“உக்காருங்கம்மா” என்றார் டி.ஆர்.

“சார், இந்த ஒரு தடவை எந்த வரின்னு சொல்லிடுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “படிவத்துல கட்டம் இருக்குது. எலி இல்லாத ஆளும் நிரப்பணும்னு எந்த விதியிலயும் இல்ல. ரெண்டு நாளா நானும் தேடிப் பார்த்தேன். பிரிவு கேட்டுச்சுன்னு எழுதியிருக்கீங்க. பிரிவுல யாரு?”

“நான்தான் சார்.”

“அத எழுதுங்க.”

“எழுதினா, பட்டியல் போற நேரம் சார்...” என்று இழுத்தேன்.

அவர் ஃபைலைத் திருப்பி, அடியில் இருந்த படிவத்தை எடுத்தார். பிறகு, “அந்தப் படிவத்தை அச்சுக்கு அனுப்பும்போது சரி பார்த்து கையெழுத்து போட்டது நான்தாம்மா. அத நான் எழுதிக்கறேன். உங்களுத நீங்க எழுதுங்க” என்றார்.

அவர் மேஜையிலேயே எழுதினேன். ‘இச்சான்றிதழ் தேவையில்லாதது. இதை வற்புறுத்திக் கேட்டவள் நான்.’ அதற்குக் கீழே அவர் பச்சை மையில், ‘படிவத்தின் குறைக்கு நான் பொறுப்பு’ என்று எழுதினார். வெளியே வந்தபோது எனக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது.

தெளிவுக் கடிதம் விரைவுத் தபாலில் போனது. ஐந்தாம் நாள் ஐதராபாத்திலிருந்து பேக்ஸ் வந்தது. ‘எலி எதற்கும் தீங்கு நேரவில்லை என்றறிந்து மகிழ்ச்சி. மனிதர்களைப் பற்றி எழுதியிருப்பது போதுமானது. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்.’ அதைப் பிரிவு முழுக்கக் கேட்கும்படி இரண்டு தடவை உரக்கப் படித்தேன்.

மே மாதம் வாய்மொழித் தேர்வு. அதே ஐதராபாத் பேராசிரியர்தான் நேரில் வந்தார். வாய்மொழித் தேர்வுக்குப் பொதுமக்கள் யாரும் வரலாம் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி எப்போதும் இருக்கும். பதினோரு வருடத்தில் நான் பார்த்த பொதுமக்கள், பிஸ்கட்டுக்காக உட்கார்ந்திருக்கும் துறை மாணவர்கள்தான். அன்றைக்கு வாட்ச்மேன் போன் செய்தார்.

“மேடம், மீன் விக்கிற பொம்பளைங்க ஒரு வேன் நெறய வந்திருக்காங்க. கேட்டா, பப்ளிக்குன்றாங்க.”

“பப்ளிக்னா உள்ள வுடுப்பா. சர்க்குலர்லயே இருக்கு!”

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறிக்கைப் படிவத்தைக் கொடுக்கிற சாக்கில் நானே ஹாலுக்குப் போனேன். இருபது பெண்கள் இருப்பார்கள். எல்லாரும் சக்திவேல் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவர்கள், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சக்திவேல் இங்கிலீஷில் ஆரம்பித்தார். பேராசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“உங்க ஊருக்காரங்க இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. தமிழ்லயே சொல்லுங்க.”

அரை மணி நேரம் சொன்னார். பேராசிரியரின் கேள்விகளுக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னார். கடைசியில் நெறியாளர், “பொதுமக்களில் யாருக்கேனும் கேள்வி உண்டா” என்று வழக்கம்போல ஒப்பித்துவிட்டு, அடுத்த மூச்சில் நன்றி சொல்லப் போனார்.

“எனக்கு இருக்குது” என்று ஒரு பெண் எழுந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம்.

“டேய் சக்திவேலு. நாலு வருசமா என் வூட்டுக்கு வந்து கணக்கு கேட்டே. மாத்திரை அட்டையெல்லாம் எண்ணிப் பாத்தே. நானும் யாவாரத்த வுட்டுட்டு குந்திச் சொன்னேன். நீ இத்த எழுதினதால எனக்கு மாத்திரை வெல கொறையுமா, கொறையாதா?”

குறையும் என்று சொல்லிவிடுய்யா, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

“கொறையாது அத்த” என்றார் சக்திவேல். “இந்தப் புஸ்தகத்தால கொறையாது. அதே மாத்திரை வேற பேருல ரொம்பக் கம்மி வெலைக்கு இருக்குது. ஆஸ்பத்திரில அத ஏன் வாங்கி வெக்கிறதில்ல, எந்த எடத்துல தடைபடுது, எத மாத்தினா உங்க கைக்கு வரும்னு எழுதியிருக்கேன். படிச்சிட்டு மாத்தறது என் கையில இல்ல. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்.”

பொதுமக்கள் கேட்டதையும் அறிக்கையில் எழுத வேண்டும். அதற்குக் கட்டங்கள் உண்டு. கேள்வி கேட்டவர் பெயர், பதவி, பதில் திருப்தி அளித்ததா. மற்ற இரண்டும் எப்போதும் காலி. மூன்றாவதில் மட்டும் ‘ஆம்’ என்று நாங்களே முன்கூட்டி டைப் அடித்து வைத்திருப்போம். நெறியாளர் என்னைப் பார்த்தார். நான் பேனாவோடு அந்த அம்மாவிடம் போனேன்.

“பேரு?”

“அஞ்சலை.”

“பதவி?”

“பழைய டவுன் மார்க்கெட்டுல மீன் விக்கிறேன். எழுதிக்க.”

“பதில் திருப்திதானேம்மா?”

“பதில் சரிதாம்மா. உள்ளதத்தான் சொல்றான். ஆனா திருப்தி இல்ல.”

நான் பேனாவை நிறுத்தினேன். “அம்மா, திருப்தி இல்லன்னு இதுல போட்டா, அவரு பட்டத்துக்கே...”

“அவுங்க சொன்னத அப்படியே எழுதுங்க மேடம்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சக்திவேல். ஜூனுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

டைப் செய்திருந்த ‘ஆம்’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டேன். ‘பதில் சரி. திருப்தி இல்லை’ என்று எழுதி, படிவத்தைப் பேராசிரியர் முன்னால் வைத்தேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

“இவரு ஆய்வேட்டோட முடிவுரையும் இதேதான். அந்தம்மா நாலே வார்த்தையில சொல்லிட்டாங்க” என்று சொல்லி, பட்டம் வழங்கலாம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பெண்களுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு வாத்தியார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ஜூன் முதல் வாரம் தற்காலிகச் சான்றிதழை என் கையாலேயே கொடுத்தேன். அதே கல்லூரியில்தான் சக்திவேல் இன்னும் இருக்கிறார். என் பதவி உயர்வு மேலிடம் ஒரு சுற்று விளக்கம் கேட்ட பிறகு, தாமதமாக வந்தது. பதினாலாவது கட்டத்தில் ‘தேவைப்பட்டால்’ என்ற சொல்லை டி.ஆர். சேர்த்தார்.

ஆனால் அன்றைக்கு ஹாலில் நடந்ததை நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. எல்லாரும் சக்திவேலைச் சுற்றி நின்று கொண்டாடிக்கொண்டிருக்க, நான் படிவத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். அஞ்சலை என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நான் சொன்னத எழுதிட்டியா? படி, கேப்போம்.”

படித்துக் காட்டினேன்.

“சரி. எல்லாரும் கையெழுத்து போட்டாங்களே, நான் எங்க போடணும்?”

படிவத்தில் நெறியாளருக்கு இடம் உண்டு, தேர்வாளருக்கு இடம் உண்டு. கேள்வி கேட்டவருக்கு இல்லை. நான் ஸ்கேலை எடுத்தேன். பேராசிரியரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் நேராக ஒரு கோடு போட்டேன்.

“இங்க போடுங்க” என்றேன்.